சைட்டேஷன் எண்ணை வைத்து ஒரு மருந்து விஞ்ஞானியை எடைபோடலாமா? சுப்பாராவைக் கேட்டால் தெரியும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தங்கை மருந்தியலில் பிஎச்டி சேரப் போகிறாள். கைடாக வரப்போகிறவரின் பக்கத்தில் சைட்டேஷன் (அவர் பேப்பர்களை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) 14,000, எச்-இண்டெக்ஸ் (அதை வைத்தே போடும் இன்னொரு கணக்கு, பின்னால் சொல்கிறேன்) 52 என்று போட்டிருக்கிறது. இன்னொருவருக்கு 900-தான், ஆனால் அவர் லேபில் இருந்து ஒரு மூலக்கூறு மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போயிருக்கிறது. யாரிடம் சேர்வது, இந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்?

அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அர்த்தம் இல்லை. ஒரு பேப்பர் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பது, பேப்பர் எழுதும் மற்றவர்களுக்கு அது எவ்வளவு உதவியது என்பதற்கான கணக்கு. நோயாளிக்கு எவ்வளவு உதவியது என்பது வேறு கணக்கு. இரண்டும் சில சமயம் ஒத்துப்போகும், மருந்து கண்டுபிடிப்பில் பெரும்பாலும் ஒத்துப்போகாது. இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்து, அமெரிக்கா போய் மருந்து ஆராய்ச்சி செய்த எல்லப்பிரகடா சுப்பாராவை விட நல்ல உதாரணம் கிடையாது. பயோகெமிஸ்ட்ரி படித்த யாருக்கும் அந்தப் பெயர் பிராக்டிகல் நோட்டில் இருந்து தெரியும். அங்கேதான் பிரச்சினையே.

1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், அப்போது அது மதராஸ் மாகாணம். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை சென்னையில் படித்துத் தேறினார். பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார், வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. நடுவில் சகோதரர் ஒருவரை ஸ்ப்ரூ என்ற நோய்க்குப் பறிகொடுத்தார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்காகவே போய் ஆளை உருக்கிவிடும் நோய் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு, மாமனார் குடும்பத்தின் உதவியோடு 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். மனைவி சேஷகிரியை இங்கேயே விட்டுவிட்டுப் போனவர் அதற்கப்புறம் திரும்பவே இல்லை. அங்கே எல்.எம்.எஸ். பட்டத்துக்கு மதிப்பில்லை என்பதால் மருத்துவமனையில் இரவு நேரத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டுதான் ஹார்வர்டில் படித்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் லேபில் சேர்ந்தார். அங்கே வந்த முதல் பெரிய விஷயம் 1925-இல் ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரியில் வெளியான பாஸ்பரஸ் அளக்கும் முறை. ரத்தத்திலோ சிறுநீரிலோ எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அமிலத்தில் மாலிப்டேட்டைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் ஒரு ஒடுக்கியை விட்டால் நீல நிறம் வரும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். இதற்கு முன்பும் நீல நிற முறைகள் இருந்தன, ஆனால் நிறம் வர நேரம் எடுக்கும், கரைசலில் வேறு ஏதாவது இருந்தால் குழப்பும். இவர்கள் ஒடுக்கியை மாற்றினார்கள், அமினோநாப்தால் சல்ஃபானிக் அமிலம் என்ற ஒன்றைப் போட்டார்கள், அளவுகளைச் சரிப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம், ஆனால் நம்பி அளக்கலாம் என்ற நிலை வந்ததும் உலகம் முழுக்க லேப்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நான் முதுகலை படிக்கும்போது எழுபது வருடப் பழைய அந்த முறையைத்தான் சோதனைக் குழாயில் செய்தேன், 660 நானோமீட்டரில் வைத்து அளவு எடுத்தோம், என் குழாய் மட்டும் நீலம் வராமல் மங்கலாக நின்றது, மாலிப்டேட் கரைசலை ஊற்ற மறந்திருந்தேன்.

இந்தப் பேப்பர் பல ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. சுப்பாராவின் பெயர் உள்ள பேப்பர்களில் எண்ணிக்கையில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. பாஸ்பரஸ் அளக்கும் ஒரு செய்முறை, மருந்தே இல்லை. ஆனால் இந்தக் கருவி கையில் இருந்ததால்தான் அவர்கள் அடுத்த இடத்துக்குப் போக முடிந்தது. 1927-இல் தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார்கள், 1929-இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்திருந்தார், பெயரைப் பங்கு போடும்போது அவருக்குத்தான் பெரிய பங்கு போனது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் நாணயம் ஏ.டி.பி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு ஏ.டி.பி. என்று எழுதும் யாராவது 1929 பேப்பரை மேற்கோள் காட்டுகிறார்களா? ஒரு கண்டுபிடிப்பு அளவுக்கு மீறி ஜெயித்துவிட்டால் அது பாடப்புத்தகமாகிவிடும், அப்புறம் யாரும் மூலத்தைச் சொல்ல மாட்டார்கள். செய்முறைக்கு அந்தக் கதி இல்லை, ஏனென்றால் பேப்பரில் செய்முறைப் பகுதி என்று ஒன்று கட்டாயம் எழுத வேண்டும், அதில் யார் முறையில் அளந்தாய் என்று கேட்பார்கள். ஆக, அளவுகோல் செய்தவருக்கு ஆயுள் முழுக்க வட்டி வரும், ஏ.டி.பி. கண்டுபிடித்தவருக்கு அசல்கூட வராது.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பின்னாளில் 1988-இல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அந்தக் காலத்தில் அங்கே மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பல வருடம் கழித்து வேறு ஆட்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று, காரணம் ஃபிஸ்கே அவற்றை வெளிச்சத்துக்கு வர விடவில்லை, பொறாமைதான் போலிருக்கிறது என்ற பொருளில் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். வெளியாகாத பேப்பருக்கு சைட்டேஷன் பூஜ்யம், எந்தத் தரவுத்தளமும் அதைக் காட்டாது.

1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி நிறுவனத்துக்குப் போனார், சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அடுத்த எட்டு வருடத்தில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை மருந்து வரலாற்றிலேயே அடர்த்தியான எட்டு வருடம். முதலில் ஃபோலிக் அமிலம். கல்லீரல் சாற்றில் ரத்தசோகையைத் தீர்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஹார்வர்டிலேயே தேடிக்கொண்டிருந்தவர், லெடர்லியில் ஒரு பெரிய குழுவை வைத்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்து, அமைப்பைக் கண்டு, 1945-இல் செயற்கையாகவே தயாரிக்க வைத்தார். அந்தப் பேப்பரின் முதல் பெயர் ஆஞ்ஜியர் என்ற வேதியியலாளருடையது, சுப்பாராவ் நீண்ட பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கிறார். இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கூட இருப்பது அதே ஃபோலிக் அமிலம். ஸ்ப்ரூவுக்கும் அதுதான் மருந்தாக வந்தது. சகோதரர் செத்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அப்புறம் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரிகள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகப் போகிறது என்று கவனித்தார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் கொடுத்தால் நோய் அடங்குமோ? அதைச் செய்து தரக்கூடிய இடம் சுப்பாராவின் குழு. ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் ஓரிடத்தில் மட்டும் மாற்றிய போலிச் சாவி, பூட்டுக்குள் போகும், திரும்பாது, உண்மையான சாவியையும் உள்ளே விடாது. அமினோப்டெரின் என்று பெயர். 1948 ஜூனில் ஃபார்பர் பேப்பர் வெளியிட்டார், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. தற்காலிகம்தான், ஆனால் அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற துறை சூடுபிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அந்தப் பேப்பர் ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை. அதே குழுவில் பிறந்த தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு முறை போடச் சொல்லி இன்று எழுதிக்கொடுக்கிறார்களே, அதே மாத்திரை.

இன்னொன்று நம் ஊருக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. டை-எத்தில்-கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி., 1947. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஃபைலேரியா, அதாவது யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுத் தொற்று, வந்தது, அதனால் லெடர்லியில் அதற்கு மருந்து தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பேப்பரில் சுப்பாராவ் பெயர் இருக்கிறது, கடைசியாக. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் வருடத்துக்கு ஒரு நாள் வீட்டு வாசலுக்கு வந்து, கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லி ‘யானைக்கால் மாத்திரை’ கொடுத்தார்கள் அல்லவா, அது இதுதான். இலங்கை இதையும் ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தையும் சேர்த்து மக்களுக்குக் கொடுத்துத்தான் யானைக்கால் நோயை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை 2016-இல் உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கியது. கோடிக்கணக்கானவர்கள் விழுங்கிய மருந்து. ஆனால் இதன் சைட்டேஷனைப் புற்றுநோய்ப் பேப்பர்களோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். யானைக்கால் ஏழைகளுக்கு வரும் நோய், ஆராய்ச்சி செய்கிறவர்கள் கொஞ்சம், பேப்பர்கள் கொஞ்சம், அதனால் மேற்கோள் காட்டவும் ஆள் கொஞ்சம். துறை சின்னதாக இருந்தால் எண் சின்னதாகத்தான் இருக்கும். மருந்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆரியோமைசினைப் பற்றி ஒரு வரி. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வகையில் முதல் மருந்து, 1948-இல் வெளியானது. கண்டுபிடித்தது பெஞ்சமின் டக்கர், அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது, பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவரை லெடர்லியில் வைத்து வேலை செய்ய விட்டதும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தேட ஏற்பாடு செய்ததும் சுப்பாராவின் பிரிவு. பேப்பரில் டக்கர் பெயர் மட்டும்தான், அது நியாயமும்கூட. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார், வயது 53.

இப்போது இவருக்கு எச்-இண்டெக்ஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன அளவு அது. குறைந்தது 20 மேற்கோள் வாங்கிய பேப்பர்கள் உங்களிடம் 20 இருந்தால் உங்கள் எண் 20. ஒரே ஒரு பேப்பர் எழுதி அது லட்சம் மேற்கோள் வாங்கியிருந்தாலும் எண் 1-தான். சுப்பாராவ் விஷயத்தில் அதற்கு முன்னாலேயே முட்டுக்கட்டை, பெயர். சில பேப்பரில் ஒரே சொல்லாக, சிலதில் இரண்டாகப் பிரித்து, சிலதில் நடுவில் பெரிய எழுத்தோடு. மேற்கோள் காட்டியவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். தரவுத்தளம் இவர்களை மூன்று நான்கு வேறு ஆட்களாகப் பார்க்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தாலும் என்ன கிடைக்கும்? பாஸ்பரஸ் அளந்தவர் என்ற முகம்தான் பெரிதாகத் தெரியும்.

இது அவர் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள், துறையே அப்படித்தான். 2014-இல் நேச்சர் இதழ் எடுத்த கணக்கில் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் ஆலிவர் லவ்ரியின் 1951 பேப்பர், புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை, 3,05,000-க்கும் மேல். அது ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று தனக்கே தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷிதான் என்ற மாதிரி அவரே எழுதியிருக்கிறார். மருந்து கண்டுபிடிப்பில் இன்று எண்கள் குவியும் இடத்தைப் பார்த்தாலும் ஆட்டோடாக் வினா போன்ற மென்பொருளின் பேப்பர்தான் இருக்கும். ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பொருத்திப் பார்க்கும் நிரல் அது. 2020-இல் கபசுரக் குடிநீரில் இருக்கும் மூலக்கூறுகளை கொரோனா புரதத்தில் பொருத்திப் பார்த்து எத்தனை பேப்பர் வந்தது என்று நினைவிருக்கும்.

கருவி செய்தவர் என்றால் ஏதோ குறைவு என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் லிபின்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைசர் நிறுவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியலாளர். 1990-களில் இயந்திரங்களை வைத்து லட்சக்கணக்கில் மூலக்கூறுகளைச் சோதிக்க ஆரம்பித்தபோது, தேறி வருகிறவை எல்லாம் பெரிதாகவும் கொழுப்பில் கரைகிறவையாகவும் இருந்தன, சோதனைக் குழாயில் பிரமாதமாக வேலை செய்யும், மாத்திரையாக விழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. அவரும் கூட்டாளிகளும் மனிதர்களிடம் இரண்டாம் கட்ட சோதனை வரை வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் மருந்துகளை எடுத்து, ஜெயித்தவற்றுக்கு என்ன பொது என்று பார்த்தார்கள். மூலக்கூறு எடை 500-க்கு மேல் போகக்கூடாது, கொழுப்பில் கரையும் அளவான லாக்-பி 5-ஐத் தாண்டக்கூடாது, ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும் இடங்கள் 5-க்குள், வாங்கும் இடங்கள் 10-க்குள். எல்லாமே ஐந்தின் மடங்கு, அதனால் ‘ஐந்தின் விதி’. விதிகள் நான்குதான், ஐந்து என்று வைவாவில் சொல்லி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. 1997-இல் வந்த பேப்பர், 2001-இல் அதே இதழ் மறுபடி அச்சிட்டது, ஆகவே மேற்கோள்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கின்றன, இரண்டையும் சேர்த்தால் பத்தாயிரங்களில் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எழுதியது ஒரு எச்சரிக்கை. இரண்டு எல்லைகளை மீறினால் உறிஞ்சப்படுவது சிரமம், பார்த்துக்கொள் என்றார்கள். ஆன்டிபயாட்டிக், வைட்டமின் போன்றவற்றுக்கு இது பொருந்தாது என்று பேப்பரிலேயே சொன்னார்கள். காசநோய்க்குத் தினமும் விழுங்கும் ரிஃபாம்பிசினின் எடை 823, சிறுநீரக மாற்று நோயாளிகளின் சைக்ளோஸ்போரின் 1,200. ஆனால் மேற்கோள் காட்டும் பேப்பர்களில் பாதிக்கு மேல், எங்கள் மூலக்கூறு ஐந்தின் விதிக்கு உட்படுகிறது என்று பிள்ளையார் சுழி மாதிரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன என்பது என் அனுபவம். ஒரு எண்ணிக்கையில் சடங்கு எவ்வளவு, பயன் எவ்வளவு என்று எந்தத் தரவுத்தளமும் பிரித்துக் காட்டாது. லிபின்ஸ்கிக்குப் புகழ் தகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எதிர்ப்பக்கத்தில் சீனாவின் டூ யூயூ. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின். 1977-இல் அதன் அமைப்பைச் சொல்லும் முதல் பேப்பர் சீன மொழி இதழில் வந்தபோது ஆசிரியர் பெயரே கிடையாது, ஆராய்ச்சிக் கூட்டுக்குழு என்று மட்டும் போட்டார்கள், அந்தக் காலத்து வழக்கம். பிஎச்டி இல்லை, வெளிநாட்டுப் படிப்பு இல்லை, சீன அறிவியல் கழகத்தில் உறுப்பினரும் இல்லை. 2015-இல் நோபல். அவர் பக்கத்தை எச்-இண்டெக்ஸ் பார்த்து முடிவு செய்யும் நேர்காணல் குழுவிடம் கொடுத்தால் முதல் சுற்றிலேயே கழித்துக் கட்டியிருப்பார்கள்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். 14,000 என்ற எண்ணைத் திறந்து உள்ளே பாருங்கள். பேப்பர்களை மேற்கோள் வரிசையில் அடுக்கும் வசதி இருக்கும். முதல் பத்தில் எத்தனை திறனாய்வுக் கட்டுரை, எத்தனை சொந்த ஆராய்ச்சி? திறனாய்வுக் கட்டுரைக்கு எப்போதும் மேற்கோள் கூடும், அடுத்தவன் வேலையைத் தொகுத்து எழுதியதற்கு வரும் கூலி அது. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து எழுதிய பேப்பரில் அவர் எங்கோ நடுவில் இருக்கிறாரா, அல்லது முதலிலோ கடைசியிலோ இருக்கிறாரா? உயிரியலில் கடைசிப் பெயர்தான் லேபுக்குச் சொந்தக்காரர். மேற்கோள் காட்டியவர்களில் அவரும் அவர் மாணவர்களும் எவ்வளவு? வருடா வருடம் பேப்பரில் வருகிறதே ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்ற பட்டியல், ஸ்டான்ஃபோர்டின் ஐயோனிடிஸ் குழு எடுப்பது, அதிலேயே சுயமேற்கோளைக் கழித்தால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஃபிளெக்ஸ் போர்டில் அந்தப் பகுதி மட்டும் வராது.

900 வைத்திருப்பவரிடம் வேறு கேள்வி. மனிதர்களிடம் சோதனை வரை போன மூலக்கூறு என்றால் காப்புரிமை இருக்கும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் வரை பேப்பர் வெளியிட விட மாட்டார்கள், அதனால் எண் குறைவாக இருப்பது இயல்பு. அதே காரணத்தால் தங்கையின் பேப்பரும் இரண்டு வருடம் பெட்டியில் தூங்கலாம். பிஎச்டி முடிக்கப் பேப்பர் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டால் அப்போது என்ன செய்வது என்று இப்போதே அவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் லேபில் முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து, முதல் பெயர் யாருக்குக் கொடுப்பார், எத்தனை வருடத்தில் அனுப்பினார் என்று விசாரிக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நான்கு வருடம் செய்த வேலையில் தன் பெயர் மூன்றாவதாக வந்ததை அச்சான பிறகுதான் பார்த்தாள். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அந்த விசாரணையில் நல்ல பதில் வந்தால், 900 வைத்திருப்பவரிடம்தான் போவேன்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆர்சிட் எண் ஒன்று இலவசமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆளை அடையாளம் காட்டும் எண் அது. அதோடு, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்று முதல் பேப்பருக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டுக் கடைசி வரை மாற்றாமல் இருக்கட்டும், கல்யாணத்துக்குப் பிறகும்.